அக்காவுக்கு ஒரு மேசை

ஹாவிக் வீட்டுக் கராஜ் கதவு இரண்டு வருடத்துக்கு அப்புறம் திறந்த சத்தம் தெருவில் பதினொரு வீடுகளுக்குக் கேட்டது. கேட்காத பன்னிரண்டாவது வீட்டுக்கு மற்ற பதினொன்றும் சொல்லிவிட்டன.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை. ஊர் ஆண்களில் பாதிப்பேர் வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு மான் தேடிக் காட்டுக்குள் இருந்தார்கள். லைல் ஹாவிக் மட்டும் ஒரு கையில் காபியும் மறு கையில் துடைப்பமுமாக, கராஜிலேயே இருந்த, செத்துப்போன அப்பாவின் மரப்பட்டறைக்குள் நுழைந்தான். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிய டாக்டர், கூடவே சொல்லியிருந்தாராம்: "கோர்ட்டை மறந்துட்டுக் கைவேலை எதுக்காவது திரும்புங்க."

மறப்பதற்கு நிறைய இருந்தது. அப்பா ஓர்வில்லைக் கடைசி நாலு வருடம் கரண்டியால் ஊட்டிக் கவனித்தவள் அக்கா ஆர்டிஸ். வீடு உனக்குத்தான் என்று அவர் ஒரு தாளில் எழுதி வைத்ததாகச் சொன்னாள். தாள் கிடைக்கவில்லை. பழைய உயிலின்படி வீடு லைலுக்குப் போயிற்று. "அப்படி ஒரு தாளைப் பார்த்தீர்களா?" என்று நீதிபதி கேட்டபோது, லைல் சத்தியத்துக்குத் தூக்கிய வலது கையை இறக்காமலே "இல்லை" என்றான்.

பார்த்திருந்தான். உளிப் பெட்டியின் அடித்தட்டில், அப்பாவின் தச்சுவேலைப் பட்டைப் பென்சிலில் எழுதிய மூன்று வரி. சட்டத்தில் அதற்கு மதிப்பு உண்டா என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தாள் இருப்பது தெரிந்துபோகுமே! பட்டறை அடுப்பில் போட்டான். ஒரு நிமிஷம்கூட எரியவில்லை.

இப்போது அதே அடுப்பை மூட்டி, அதே அக்காவுக்கு மேசை செய்யப் போகிறான். யோசனை மனைவி கோரினுடையது. "கிறிஸ்மஸுக்குள்ள குடுத்து ராசியாயிடு, லைல். எத்தனை நாள்தான் சர்ச்சுல அவங்க இடது பக்கமும் நாம வலது பக்கமும் உக்காந்திருக்கிறது?"

வீட்டை எடுத்துக்கொண்டு மேசையைக் கொடுக்கிற தாராளத்தைத் தெரு மெச்சிக்கொண்டது, அதன் பாணியில்.

அப்பா விட்டுப்போன வால்நட் பலகைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. இழைப்புளி முதல் சுருளைச் சீவியதும் அந்தக் கசப்பு கலந்த இனிப்பு வாசனை எழுந்தது. லைலின் தோள் இறுக்கம் தளர்ந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவனுக்குப் பசித்தது.

மேசைக்கால் ஒவ்வொன்றும் இருபத்தொன்பது அங்குலம். அறுத்தான். நான்கையும் நிறுத்திப் பார்த்தான்.

ஒன்று குட்டை. சரியாக ஓர் அங்குலம்.

வயசு, கண்ணாடி, கவனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வேறொன்று அறுத்தான். அதுவும் குட்டை. மூன்றாவதுக்கு எஃகு அளவுகோலை வைத்துக் கத்தி நுனியால் கீறினான். சாப்பிட்டு வந்து அறுக்கலாம் என்று போனான். திரும்பி வந்தபோது அவன் கீறலுக்கு ஓர் அங்குலம் உள்ளே, தடிப்பாய் ஒரு பட்டைப் பென்சில் கோடு இருந்தது.

லைல் பட்டைப் பென்சில் வைத்துக்கொள்வதில்லை.

"உங்கக்காகிட்ட இன்னும் சாவி இருக்கா?" என்றாள் கோரின்.

அவனும் அதைத்தான் நினைத்தான். அன்றே பூட்டை மாற்றினான். போதாதென்று, துப்பறிவாளன் மாதிரி, வாசலிலிருந்து பட்டறையின் வேலை மேடை வரை மரத்தூளைத் தூவிவிட்டுப் போனான். மறுநாள் காலை அதில் ஒரு காலடி இல்லை. தூளும் தரையில் இல்லை.

கூட்டி, மூலையில் குவித்திருந்தது. அப்பா நாள் முடிவில் குவிப்பதுபோல, கூம்பாக.

புதிதாகக் கீறி வைத்திருந்த காலிலும் கோடு விழுந்திருந்தது.

டிசம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை. பொறுக்கமாட்டாமல் அக்காவுக்குப் போன் போட்டான். அவள் அரை மணியில் வந்து இறங்கினாள், வெறுங்கையோடு. இந்தத் தெருவில் கையில் ஒரு பலகாரத் தட்டு இல்லாமல் யார் வீட்டுக்கும் யாரும் போவதில்லை. எதிர்வீட்டுத் திரைச்சீலை அப்போதே விலகியாயிற்று.

"என்னடா, திருடின்னு சொல்லத்தான் கூப்பிட்டியா?"

"பூட்டு மாத்தியும் யாரோ வர்றாங்க, ஆர்டிஸ்."

"எனக்கு முட்டி வலி. காருல ஏறி இறங்கறதுக்கே அரை நாளாகுது. உன் ஓட்டை ஜன்னல் வழியா குதிச்சு வந்து மரத்துல கோடு போடறேனாக்கும்? சரி, எங்க, காட்டு பாப்போம்."

காட்டினான். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். வாயிலிருந்த கேலி மெல்லப் போயிற்று.

"இது அப்பா கோடு, லைல்."

"உளறாத."

"அவரு டேப் நுனிக் கொக்கி ஆடும்ல? அதனால ஒண்ணாம் இன்ச்சுல இருந்து அளப்பாரு. அப்புறம் அந்த ஒண்ணைக் கழிக்க மறந்துடுவாரு. என் புத்தக அலமாரி, கோழிக்கூட்டுக் கதவு, எல்லாமே ஒரு இன்ச் குட்டை. அம்மா எவ்வளவு சிரிப்பாங்க!" அவள் விரல் கோட்டைத் தொடாமல் அதன் மேலே நின்றது. "கடைசி ஒரு வருஷம் மட்டும் மறக்கவே இல்ல. படுக்கையில கெடந்துக்கிட்டு 'கழிக்கணும், கழிக்கணும்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. நண்பகல்தான். ஆனாலும் பலகைகளுக்குப் பின்னால் இருட்டு தேவைக்கு அதிகமாக இருந்ததுபோல் லைலுக்குப் பட்டது.

"அவரு டேப் எங்க?" என்றான்.

"கோட்டுப் பாக்கெட்டுல வச்சேன். பொதைக்கிறப்போ." அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். குரல் தணிந்தது. "கோர்ட்டு முடிஞ்சுபோச்சு. வீடும் வேணாம், மேசையும் வேணாம் எனக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தத் தாளை நீ பாத்தியா?"

சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியும் என்று அவள் முகமே சொன்னது. சொன்னால் வீடு போகும், பொய்ச் சாட்சி என்று கேஸ் வரும், தெரு வாய்க்கு ஒரு தலைமுறைக்குத் தீனி கிடைக்கும்.

"இல்ல."

சர்ர்ர்ர்ர்... டக்.

எஃகு டேப் சுருண்டு உறைக்குள் விழும் சத்தம். பலகைகளுக்குப் பின்னாலிருந்து.

"நான் ஒண்ணையும் தொடல," என்றாள் ஆர்டிஸ், கிசுகிசுப்பாக.

"நானும்."

இருவரும் பலகைகளை விலக்கிப் பார்க்கவில்லை. ஆர்டிஸ் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்குப் போனாள். முட்டி வலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்ததைத் தெரு அன்றுதான் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை, ரத்தக் கொதிப்பு பார்க்க கிளினிக்குக்குப் போனான். நர்ஸ் அவனைச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் உயரம் அளக்கும் கட்டையை இறக்கினாள். முகம் சுளித்தாள். "ஷூவைக் கழட்டிட்டீங்கதானே? நேரா நில்லுங்க." மறுபடி இறக்கினாள்.

"என்ன?"

"போன வருஷம் அஞ்சடி பதினொண்ணு. இப்ப ஒன்பது." அவள் சிரிக்கப் பார்த்தாள். "வயசானா கொஞ்சம் குறையும். ரெண்டு இன்ச்சுன்னா... டாக்டர்கிட்ட சொல்றேன்."

காரில் ஏறியபோது இருக்கையை முன்னால் தள்ளவேண்டியிருந்தது. கோரின் ஓட்டிவிட்டு மாற்றி வைத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். கோரினுக்குத் தனிக் கார் இருக்கிறது.

வீட்டில் அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வாசலின் மரநிலையில்தான் ஓர்வில் பிள்ளைகள் இருவரையும் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் நிறுத்தி, உயரத்துக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுவார். வீடு கைக்கு வந்த வாரமே கோரின் அதையெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டாள்.

"லைல், இங்க வா." அவள் குரலில் ஈரமே இல்லை. "இதை நீ போட்டியா?"

வெள்ளைப் பெயின்ட்டின் மேல் பட்டைப் பென்சில் கோடுகள். உச்சியில் ஒன்று, பக்கத்தில் அவன் பெயரின் முதல் எழுத்து. அதற்குக் கீழே மூன்று, ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் இறங்கி.

அந்த மூன்றில் முதலாவதின் பக்கத்தில் ஆகஸ்ட் பத்தொன்பது. அவன் கோர்ட்டில் கை தூக்கிய நாள்.

இரண்டாவதில் டிசம்பர் ஆறு. ஆர்டிஸிடம் "இல்ல" என்ற நாள்.

"ஆர்டிஸ் போன் பண்ணினா," என்றாள் கோரின். "முப்பது வருஷமா உங்கூடக் குடித்தனம் பண்றேன். எங்கிட்ட மட்டும் நெசம் சொல்லு. அந்தத் தாள் உங்கிட்ட இருந்துச்சா?"

லைல் வாயைத் திறந்தான். அவன் கண் அவளைத் தாண்டி மூன்றாவது கோட்டுக்குப் போயிற்று.

அதில் டிசம்பர் ஒன்பது என்று எழுதியிருந்தது. இன்றைய தேதி.

அவன் இன்னும் பதிலே சொல்லியிருக்கவில்லை.