சௌகத் அலியின் கிளாரினெட்

எல்லாச் சுரமும் பேசியது. மேல் நிஷாதம் மட்டும் பேச மறுத்தது. எழுபத்து நாலாம் வருஷத்து வைகாசி வெயில் செங்கல்பட்டு ஓட்டு வீட்டின் மேல் காய்ந்துகொண்டிருக்க, கதவைச் சாத்திக்கொண்டு, வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடையில் மொய்னுதீன் திரும்பத் திரும்ப ஊதினான். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும், யாரோ தண்ணீருக்குள் மூச்சு விடுவது போலக் குழலுக்குள் ஒரு களகளப்புதான் கேட்டது.

"இன்னாங்க, காலைலேர்ந்து அதே எடத்துல நின்னுகினு கீறீங்க?" சமையல்கட்டிலிருந்து மனைவி ஜஹனாரா கேட்டாள். "சாயங்காலம் திருக்கழுக்குன்றத்துல மாப்ளை அழைப்பாச்சே. அங்கயும் இப்டித்தானா?"

அவன் குழலை மடியில் வைத்துக்கொண்டான். பேண்டு செட்டில் முதல் கிளாரினெட் என்ற இடத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இன்று பிசிறினால் மாஸ்டர் ரவிச்சந்திரன் நடுத்தெருவில் மானத்தை வாங்கிவிடுவார்.

காற்று கசிகிறதா என்று, சிகரெட் தாளைக் கிழித்து, துளைகளை மூடும் ஒவ்வொரு சாவிக்கு அடியிலும் வைத்து இழுத்துப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகத்தான் பிடித்தன. பாக்கி இருந்தது பின்பக்கம், கட்டைவிரல் சாவிக்கு அடியில் இருக்கும் ஊசித் துளை. அதைப் பார்க்கத்தான் அவனுக்குக் கூசியது.

மகாபலிபுரத்துக் கல்யாணத்தன்று அந்தத் துளையில்தான் மெழுகு வைத்தான். அப்போது இது சௌகத் அலியின் குழல். முதல் இடமும் சௌகத்துடையது. ஒரே ஒரு பிசிறு விழட்டும், அவ்வளவுதான் என்று நினைத்தான். சுரம் செத்தது. கூட்டம் சிரித்தது. மாஸ்டர் சௌகத்தைக் கன்னத்தில் அறைந்தார். விடிவதற்குள் சௌகத் கடலுக்குள் நடந்துவிட்டான். மெழுகை மொய்னுதீன் அன்றே சுரண்டி எடுத்துவிட்டான், யாருக்கும் தெரியாமல். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் சௌகத்தின் மனைவி சுராயா குழலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். "அவருக்கு ஒங்க மேலதான் உசுரு. நீங்களே ஊதுங்கண்ணே." சீ! அதையும் வாங்கிக்கொண்டானே.

ஊசியை விட்டுக் குடைந்தான். ஈர மணல் வந்தது. துடைத்தான். மறுபடியும் மணல். உப்பு வாடை.

கடைசியாக ஒரு சோதனை இருந்தது. குழலின் அடிவாயைத் தொடையில் அழுத்தி, எல்லாத் துளைகளையும் விரலால் மூடிக் காற்றை உறிஞ்சினான். எங்காவது கசிவு இருந்தால் காற்று வரும். வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது.

உள்ளேயிருந்து யாரோ பதிலுக்கு உறிஞ்சினார்கள்.

மெதுவாக. நீளமாக.

பிய்த்துக்கொண்டு குழலைப் பாயில் எறிந்தான். உடம்பெல்லாம் வெட்கம் எரிந்தது. "நான்தான் வச்சேன், சௌகத்து," என்றான். அப்போதும் மனைவிக்குக் கேட்காத குரலில்தான்.

பாயில் கிடந்த குழலின் சாவிகள் அமுங்கின. ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றின் மேலும் ஈரமான ஒரு விரல் தடம்.

மேல் நிஷாதம் எழுந்தது. பிசிறே இல்லை.

"யா அல்லா, வந்துடுச்சே!" ஜஹனாரா சிரித்தாள். "ஒரே மூச்சுல எம்மா நேரம் புடிக்கிறீங்க!"

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். நெஞ்சு ஒட்டியது. அவனுக்குள்ளிருந்து காற்று வெளியே போய்க்கொண்டே இருந்தது. உள்ளே வரவில்லை.

குழல் நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருந்தது.