தும்பி தோற்ற சனிக்கிழமை

அந்த ஊரில் யாரிடமும் போய், "தும்பி தோத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆதியிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

தும்பி ஒரு பந்தயக் குதிரை. பழுப்பு நிறம். மெலிந்த கால்கள். நெற்றியில் யாரோ சுண்ணாம்பைத் தெறித்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. ஓடிய பந்தயம் எல்லாவற்றிலும் அதுதான் முதலில் வரும். தெருவில் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது, "நான்தான் தும்பி" என்று யார் முந்திச் சொல்கிறார்களோ அவர்தான் தும்பி. மற்றவர்கள் எல்லாம் சும்மா குதிரைகள்.

அப்பேர்ப்பட்ட தும்பி ஒரு சனிக்கிழமை மதியம் தோற்றது. பேருந்து ஓட்டுநர் அப்போது வானொலியைக் கேட்டுக்கொண்டே நிறுத்தங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாராம். இறங்க வேண்டியவர்களும் வானொலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் பேருந்து ஊர் எல்லையில் போய் நின்றதாம். இப்படி ஆளுக்கு ஒரு கதை.

ஒரே ஒருத்திதான் தன் கதையைச் சொல்லவில்லை. யாராவது தன்னைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பயந்து ஒளிந்தாள். அவள் பெயர் கொசு.

அது வீட்டுப் பெயர். அக்கா வைத்தது. காதருகே வந்து ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். "வீட்டுல ஒரு கொசு, லாயத்துல ஒரு தும்பி. எனக்கு எங்க நிம்மதி?" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். அலுப்பெல்லாம் சும்மா. இரண்டு பேர் மேலும் அவளுக்கு உயிர்.

ஆமாம், தும்பியின் மேல் ஏறி ஓட்டுகிற ஜாக்கி கொசுவின் அக்காதான்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். பந்தயத் திடலில் இரண்டு கம்பங்கள் உண்டு. முதலில் வருவது வெள்ளைக் கம்பம். தினமும் காலைப் பயிற்சி அந்தக் கம்பத்தோடு முடியும். அதைத் தொட்டதும் அக்கா சேணத்திலிருந்து எழுந்து நிற்பாள். உடனே தும்பி வேகத்தைக் குறைக்கும். ஆனால் பந்தய நாளில் ஓட்டம் முடிவது அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் சிவப்புக் கம்பத்தில்.

அன்றைக்கு எல்லாக் குதிரைகளையும் பின்னால் விட்டுவிட்டுத் தும்பி வந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கம்பம் வந்தது. பயிற்சிப் பழக்கத்தில் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

தும்பி என்ன செய்யும், பாவம். அக்கா எழுந்தால் மெதுவாகப் போக வேண்டும் என்றுதான் அதற்குத் தெரியும். மெதுவாகப் போனது. பின்னால் வந்த ஒரு சாம்பல் குதிரை விருட்டென்று தாண்டிப் போய்ச் சிவப்புக் கம்பத்தைத் தொட்டது.

கொசு அப்போது ரொட்டிக் கடையில் இருந்தாள். அம்மா ரொட்டி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடையில் அலமாரிக்கு மேலே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதற்குக் கீழே எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

சாம்பல் குதிரை தாண்டியதும் கடையில் ஒரே நேரத்தில் எல்லாரும் திட்ட ஆரம்பித்தார்கள். தும்பியை அல்ல, அக்காவை. கண் இல்லையா, மூளை இல்லையா, யார் இவளை ஏற்றிவிட்டது என்று ஆளுக்கு ஒரு வசவு. கொசுவுக்குக் காது இரண்டும் சுட்டது.

கொசு முன்னே பின்னே பார்த்திராத ஒருவர், கையில் பையோடு நின்றவர், குனிந்து அவளைக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு வீடு இந்தத் தெருவுலதானாமே. உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியாது" என்றாள் கொசு. அதோடு விட்டிருக்கலாம். "அது யாரோ" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். ரொட்டிக் கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அக்காவையும் தெரியும், கொசுவையும் தெரியும். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கொசு வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. அம்மா ரொட்டி வாங்கச் சொன்னால், சுற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக் கடைக்குப் போவாள். அந்தக் கடை ரொட்டி செங்கல் மாதிரி இருக்கும். "இதை நான் வெட்டவா, செதுக்கவா?" என்று அம்மா கேட்டாள். கொசு வாயே திறக்கவில்லை. கொசு வாயைத் திறக்காமல் இருந்ததே அந்த வீட்டில் பெரிய அதிசயம். ஆனால் அதைக் கவனிக்கிற நிலையில் யாரும் இல்லை.

ஏனென்றால் அக்கா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. லாயத்துக்கும் போகவில்லை. அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். அளவு கொடுக்க வருகிறவர்கள் சும்மா அளவு கொடுத்துவிட்டுப் போவார்களா? "அன்னைக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். அம்மா உடனே விரலை உதட்டில் வைத்து, மூடிய கதவைக் கண்ணால் காட்டுவாள். அவர்களும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிடுவார்கள். அதனால் கதைகளின் தலை மட்டும்தான் அக்காவின் காதில் விழுந்தது. வால் விழவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் தும்பியின் பயிற்சியாளர் வந்தார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. மூடிய கதவைப் பார்த்தே பேசினார்.

"நாளைக்குக் காலையில வந்துடும்மா. இனிமேலும் என்னால குதிரையை நிறுத்தி வைக்க முடியாது. நீ வரலைன்னா வேற ஆளைத்தான் ஏத்தணும்."

"வேற ஆளையே ஏத்துங்க" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் போன பிறகு அம்மா கெஞ்சிப் பார்த்தாள். யார்தான் தப்பு செய்யவில்லை என்று சமாதானம் சொன்னாள். அக்கா கதவைப் பாதி திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"யாரும் பண்ண மாட்டாங்கம்மா. ஊர்ல எல்லாரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காத்தான் செய்யறாங்க. என் வேலையை நான்தான் ஊர் பார்க்கக் கெடுத்தேன்" என்றாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

கொசு கதவு வரை போய் நின்றாள். உள்ளே போய் அக்காவைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் 'அது யாரோ' என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரொட்டி வாங்கி வரச் சொன்னாள். இந்தத் தடவை நம் தெருக் கடையிலேயே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பல் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கொசு தெருச் சுவரை ஒட்டி ஒட்டி நடந்தாள். கால் முன்னே போக மாட்டேன் என்றது.

கடையில் முடிதிருத்துபவரும் இன்னொருவரும் நின்றிருந்தார்கள். கடைக்காரரோடு சேர்ந்து மூன்று பேரும் அந்தக் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கொசு வாசலிலேயே தயங்கி நின்றாள்.

பந்தயம் நடந்த அந்த நேரம் உள்ளே அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்ததாம். கடைக்காரர் எடுக்க மறந்து தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். திறந்து பார்த்தால் மொத்தமும் கரியாம். "கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு" என்றார் கடைக்காரர்.

அதெல்லாம் ஒரு தப்பா என்றார் முடிதிருத்துபவர். அவர் பக்கத்தில் நின்ற ஆளைக் காட்டினார். மனிதரின் மூக்குக்குக் கீழே மொட்டையாக இருந்தது. இத்தனை காலமாக அவருக்கு இருந்த அருமையான மீசையைக் கொசுவும் பார்த்திருக்கிறாள். அக்கா எழுந்து நின்ற அந்த நொடியில் முடிதிருத்துபவரும் பதறித் தன் கடைத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினாராம். கையில் கத்தி. மீசையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் எடுத்தாயிற்று.

"என் பொண்டாட்டி முதல்ல என்னை வீட்டுக்குள்ளேயே விடல" என்றார் மீசைக்காரர். இனி அவரை மீசைக்காரர் என்று சொல்லக் கூடாதுதான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

கொசு சிரிக்கவில்லை. அவள் மனதில் அக்கா சொன்னது ஓடியது. எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களாமே. எங்கே செய்தார்கள்? இதோ ரொட்டி கரி, மீசை காலி, பேருந்து ஊர் எல்லையில். அக்கா கேட்காமல் போன கதையின் வால் இதுதான்.

அவள் உள்ளே வந்தாள். மூன்று பேரும் அவளைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்கள்.

"இதை எல்லாம் எங்க அக்காகிட்ட வந்து சொல்றீங்களா?" என்றாள்.

கடைக்காரர் மேசையை எதற்கோ துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வரது? அன்னைக்கு இங்க நின்னு நானும்தானே உங்க அக்காவைத் திட்டினேன். நீ அதைக் கேட்டுட்டுத்தான் வேற கடைக்குப் போறேன்னு எனக்குத் தெரியும்."

கொசு திகைத்தாள். இவரைப் பார்க்க வெட்கப்பட்டு இவள் ஊரைச் சுற்றினாள். இவரோ இவளைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அதுக்கு இல்ல" என்றாள் மெதுவாக. "நான் அக்காவைத் தெரியாதுன்னு சொன்னேன்ல. அதுக்குத்தான்."

"கேட்டுச்சு" என்றார் அவர். இடுப்பில் கட்டியிருந்த மாவுத் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, "வாங்கப்பா, போவோம்" என்றார்.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, மூடிய கதவுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள். முதலில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். கதவு திறக்கவில்லை. பிறகு கடைக்காரர் கரிந்த ரொட்டியைச் சொன்னார். முடிதிருத்துபவர் மீசையைச் சொன்னார். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் மீசை இருந்த இடத்தைப் பார்த்தது.

"நிஜமாவே போயிடுச்சா?" என்றாள் அக்கா.

"வளர்ந்துடும்மா, வளர்ந்துடும்" என்றார் அவர், மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டே.

அக்கா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். அம்மா தையல் இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அவளும் சிரித்தாள். அப்பாடா என்று கொசு மூச்சு விட்டாள்.

அப்போதுதான் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"உன்னைக் கேட்கவே இல்லையே. நீ எங்கடி இருந்த கொசு?"

கொசு கடைக்காரரைப் பார்த்தாள். கடைக்காரர் சட்டென்று குறுக்கே புகுந்து, பிள்ளை தன் கடையில்தான் இருந்தாள், ரொட்டி வாங்க வந்தாள், அவ்வளவுதான் என்றார். நல்ல மனிதர். அதோடு விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் இவ்வளவு பேர் தங்கள் தப்பைச் சொல்லிவிட்டு நிற்கும்போது, தன்னுடையதை மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கொசுவுக்கு மனம் வரவில்லை.

"கடையில ஒருத்தர் உன்னைத் தெரியுமான்னு கேட்டார்" என்றாள். "தெரியாதுன்னு சொல்லிட்டேன். அது யாரோன்னு சொன்னேன்."

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கொசு தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கால் பெருவிரலில் ஒரு சொட்டு விழுந்தது.

அக்கா அவள் பக்கத்தில் வந்தாள்.

"அன்னைக்கு அந்தக் கடையில என்கிட்ட கேட்டிருந்தா, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

கொசு நிமிர்ந்து பார்த்தாள். அக்கா முகத்தில் கோபம் இல்லை. வலித்திருக்கிறது, அது தெரிந்தது. ஆனால் கோபம் இல்லை.

"எனக்கு ஊரைப் பார்க்கக்கூட இவ்வளவு வெட்கம் இல்லடி. தும்பியைப் பார்க்கத்தான்" என்றாள் அக்கா. "அது சரியாத்தான் ஓடுச்சு. தனியாப் போய் அது முன்னாடி நிக்க முடியாது. காலையில நீயும் வரியா?"

மறுநாள் விடியும்போது இரண்டு பேரும் லாயத்தில் நின்றார்கள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். கொசுதான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். தும்பி வாளிக்குள் தலையை விட்டு நறுக் நறுக்கென்று எதையோ மென்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கியது. அக்காவைப் பார்த்தது. கொசுவைப் பார்த்தது. பிறகு இரண்டு பேர் முகத்திலும் சேர்த்து ஒரு தும்மல் போட்டது.

அக்கா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தும்பியின் கழுத்தில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சேணத்தைக் கட்டினாள்.

பந்தயக் குதிரை உயரம். ஜாக்கிகள் தாங்களாக அதன் மேல் ஏற மாட்டார்கள். ஒரு காலை மடக்கிப் பின்னால் நீட்டுவார்கள். யாராவது அந்தக் காலைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். எப்போதும் லாயத்து ஆள்தான் தூக்கிவிடுவார். அன்றும் அவர் ஓடி வந்தார். அக்கா அவரை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, காலை மடக்கிக் கொசுவிடம் நீட்டினாள்.

"என்னால முடியுமாக்கா?" என்றாள் கொசு.

"நான் பாதி எம்பறேன். நீ பாதி தூக்கு."

கொசு இரண்டு கைகளாலும் அக்காவின் காலை இறுகப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பலத்தையெல்லாம் சேர்த்துத் தூக்கினாள்.