எழாத முள்

முதலில் கண்ணில் பட்டது கார்தான், ஆள் இல்லை. மலர்கொடியைக் கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வாள்... நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம்.

மரக்காணத்தில் மழையை ரசிக்கிறவர்கள் குறைவு. உப்பு கரைந்து போகுமே! அப்படி ஒரு மழையில், உப்பளத்து பம்புகளை ரிப்பேர் செய்யும் அவள் ஷெட்டின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது.

"ஏங்க, டிராக்டர் வரணும்... வண்டிய எடுங்க!"

"எடுக்கத்தாங்க பாக்குறேன்... ஏதோ லைட் எரியுது. பயமா இருக்குது."

கார் பக்கத்தில் நின்றவனுக்கு நனைந்த முடி, மிரண்ட கண்கள். அந்தக் கண்களை அவள் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டாள். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. ஊற்றினாள்.

"லைட் எரியறதுக்குள்ள பாதி என்ஜின் போயிடும். முள்ளு வச்ச மீட்டர் போடுங்க. சூட்டுக்கு ஒண்ணு, ஆயில் பிரஷருக்கு ஒண்ணு. என்ஜின்ல சென்சார் மாட்டி வயர் இழுத்துட்டா முன்னாடியே தெரிஞ்சிடும்."

"நீங்க மாட்டுவீங்களா?"

"பின்ன... மழையா வந்து மாட்டும்?"

அவன் தேவநாதன், கிளியனூர்க்காரன். பாண்டிச்சேரியில் வேலை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிய வேண்டிய வேலை அது. அவன் டார்ச் பிடிக்கிறேன், டீ வாங்கி வருகிறேன் என்று நின்றதில் பல ஞாயிறுகளுக்கு இழுத்தது. அவளும் அவசரப்படவில்லை.

கடைசியில் என்ஜினைக் கிளப்பினார்கள். சூட்டு முள் மெல்ல ஏறியது. ஆயில் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

"வயரிங்ல ஏதாவது..." என்று இழுத்தான்.

"என் வயரிங்லயா?" சுருக்கென்று கோபம் வந்தது அவளுக்கு. "ஆயில் பம்ப் போச்சுங்க. பழைய வண்டிய உங்க தலையில கட்டிட்டாங்க."

அப்பாவோடு சண்டை போட்டு ஆசையாக வாங்கிய கார். அவன் முகம் வாடிவிட்டது.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். வித்துடறேன்."

வேறு வண்டியில் கட்டி இழுத்துப் போனான். சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை... நம்பிவிட்டுப் போனான். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஒரு உப்பளத்து பம்ப் வந்தது. உப்புத் தண்ணீர் புகுந்தால் திருகு மரை துருப்பிடித்து இறுகிவிடும். அதனால் இந்த ஊரில் எந்த மரையைக் கண்டாலும் கை தானாக வெள்ளை டேப்பை எடுத்துச் சுற்றும். சுற்றிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

ஐயையோ... ஆயில் சென்சாருக்கும் இப்படித்தானே சுற்றினேன்!

சூட்டு சென்சாருக்கு இரண்டு வயர். ஆயில் சென்சாருக்கு ஒன்றே ஒன்றுதான், அதன் எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி, மரையின் இரும்புதான். டேப் அதை மறித்துவிட்டது. என்ஜினில் ஒரு குறையும் இல்லை!

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைப் பேரும் கெடாது. ஆனால் கார் போய்விடும்... அவனும் போய்விடுவான். ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

கிளியனூரில் அவன் வீட்டு வாசலில், கார் வாங்க வந்தவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்து நின்றார்கள்.

"விக்காதீங்க!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "என்ஜின் நல்லா இருக்குது. டேப்ப சுத்தி வச்சு கெடுத்தது நான். தப்பு என்னோடது."

அத்தனை பேர் எதிரில் சொன்னாள். சென்சாரைக் கழற்றி, டேப்பை உரித்து, மறுபடி முடுக்கினாள். என்ஜினைக் கிளப்பியதும் முள் எழுந்தது. வாங்க வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

"வண்டிதான் சரியாயிடுச்சே, ஏங்க அழுவுறீங்க?"

"நீங்க ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டல?"

"திட்டிட்டு... அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க ஷெட்டுக்கு வர்றது?"

"காரே இல்லன்னா எதுக்கு வருவீங்க?"

"பஸ்ஸு இருக்குதே. நான் காருக்காகவா வந்தேன்... உங்களப் பாக்கத்தாங்க வந்தேன்."

அவள் கை முழுக்க ஆயில். கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்குது. உங்க முன்னாடி தப்பானவளா நிக்கக் கூடாதுன்னுதான் அன்னிக்கு ஷெட்ல அப்படிக் கத்திட்டேன்..."

உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது. "டேய், அந்தப் பொண்ண வெயில்ல நிக்க வச்சா பேசுவாங்க? கை கழுவிட்டு சாப்பிட வரச் சொல்லுடா!"