குப்புற மிதந்த படம்

தட்டுத் தண்ணீரில் இறங்கிய நிறம் அவள் கலந்த நிறமாக இல்லை. கோந்தில் அவள் குழைத்தது செங்கல் சிவப்பு. இறங்குவதோ வெளிர் பழுப்பு, மகளின் கன்னத்து நிறம். கண்தான் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

மகளின் படம்தான் அது, வெயிலைக் கொண்டு காகிதத்தில் கையால் அச்சிடுவது. அடியிலிருக்கும் நீல அச்சைப் போன வாரமே எடுத்துக் காயவைத்திருந்தாள். இன்று அதன்மேல் மருந்தும் நிறமும் கலந்த கோந்தைப் பூசி, நெகட்டிவை வைத்து வெயில் காட்டினாள். வெயில் பட்ட இடம் இறுகி ஒட்டிக்கொள்ளும். மிச்சம் கரைந்து விழுவதற்காகக் காகிதத்தைக் குப்புற மிதக்கவிடுவாள். ஆனால் மேகம் மூடியதும், "போதும்மா, எடும்மா" என்று மகள் நச்சரிக்க, பாதி வெயிலிலேயே எடுத்துத் தட்டில் மிதக்கவிட்டுவிட்டாள். தன்னை அவசரக்குடுக்கை என்று கணவன் கேலி செய்வது சும்மா இல்லை.

ஜன்னலைக் கறுப்புத் துணி மறைத்திருந்தது. ஈரக் காகிதமும் கோந்தும் கலந்த புளித்த வாடை அறையில் தேங்கி நிற்க, குழாய்ச் சொட்டுக்கு நடுவே, பக்கத்து அறையில் மகள் கலர் பென்சில்களைத் தரையில் உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றது.

"அம்மா, மூஞ்செல்லாம் ஈரமா இருக்கு."

"தண்ணில விளையாடினியா?"

"இல்லம்மா. மூச்சு முட்டுது."

காகிதத்தை வெடுக்கென்று புரட்டினாள்.

பக்கத்து அறையில் மகள் நீளமாக மூச்சிழுத்தாள்.

படத்தில் முகம் வழுக்கிக்கொண்டிருந்தது. தூக்கினால் வழியும். திரும்ப முக்கினால் குழந்தைக்கு மூச்சு போகும். தொட்டால், இறுகாத கோந்து விரலோடு வந்துவிடும். எத்தனை படங்களை அப்படிக் கெடுத்திருக்கிறாள்! கண்ணாடிப் பலகைமேல் மட்டமாகக் கிடத்தினாள். நிறம் நிற்கவில்லை. நெற்றி போனது. புருவம் போனது.

நீல அச்சில் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. அதாவது, அங்கே நீலமே இல்லை. கோந்து வழிந்துவிட்டால் முகமிருந்த இடத்தில் வெறும் காகிதம்தான்.

"அம்மா."

குரல் வாசலில் கேட்டது. அவள் நிமிர்ந்தாள்.

மகள் நின்றிருந்தாள். கன்னம் தாடைவரை இறங்கி, கவுன் காலரில் சொட்டியது.

"பிசுபிசுன்னு இருக்கும்மா. துடைச்சுக்கவா?"

தொடாதே. சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மகள் புறங்கையால் முகத்தை ஒரு இழுப்பு இழுத்தாள். இழுத்த பக்கம் வெள்ளையாக இருந்தது. மறுபக்கத்தில் மிச்சமிருந்த ஒரு கண் அம்மாவையே பார்த்தது.

மகள் அடுத்த கையைத் தூக்கினாள்.