மிச்சம் வைக்காதவன்

இறந்துபோன கணவன் வாஞ்சிநாதனின் படத்துக்கு முன்னால் காலையில் நிரப்பி வைத்துவிட்டுப் போன எவர்சில்வர் டம்ளர், மாலையில் ஷ்யாமளா டேகேரிலிருந்து மகள் மானஸாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காலியாக இருந்தது. ஹீட்டர் ஓடுகிற வீட்டில் தண்ணீர் வற்றத்தான் செய்யும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போன நாட்களிலும் அது காலியாகத்தான் இருந்தது.

காரியம் முடிந்ததும் தண்ணீர் வைப்பதை நிறுத்திவிடச் சொல்லியிருந்தார் சாஸ்திரிகள். அவளுக்கு மனசு வரவில்லை. ஆபீஸ் வேலையாக ஒசாகாவுக்குப் போனவன், சனி ஞாயிறு முழுக்கத் தின்று குடித்துவிட்டு ஹோட்டலில் படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை. இனி அவனுக்கு அவள் செய்ய முடிந்தது இந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான். அதனால் பயத்தோடு கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. வந்து குடிக்கிறான். மாலையிலும் நிரப்பி வைக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரராமன் வந்தான். ஒசாகாவில் வாஞ்சிநாதனோடு கூட இருந்தவன். சான்டா கிளாராவில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். விளக்கைப் போட்டுவிட்டு, கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டாள்.

"கடைசியா சந்தோஷமா இருந்தாரா?"

"சந்தோஷமாதான் இருந்தான் ஷ்யாமளா. கால்வாய் ஓரமா கடை கடையா ஏறி இறங்கினோம். ஆக்டோபஸ் உருண்டை, சுட்ட கோழி, நூடுல்ஸ், ஒண்ணையும் விடல."

சாப்பாட்டில் வாஞ்சிநாதனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவன் எழுந்த இலையைத் துடைக்காமலே அடுத்த பந்திக்குப் போடலாம் என்று அவள் வீட்டில் கேலி செய்வார்கள். ஷ்யாமளா சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

சுந்தரராமன் தலையைக் குனிந்துகொண்டான். "அங்க அரிசிச் சாராயம் குடிக்கிறப்ப ஒரு வழக்கம். பக்கத்துல இருக்கிறவன் கப் காலியானா உடனே ஊத்தணும். போதும்னா கப்பை நிறைய அப்படியே விட்டுடணும். இவனுக்கு அது தெரியல. ஊத்தினதை வேஸ்ட் பண்ணக்கூடாதுன்னு குடிச்சுட்டே இருந்தான். அந்த ஊர் ஆபீஸ்காரங்க ஊத்திட்டே இருந்தாங்க. முடியலடான்னு என்கிட்ட தமிழ்ல சொன்னான்."

சுந்தரராமன் போன பிறகு டம்ளரைப் பார்த்தாள். தாகம் என்று நினைத்தாளே. முடியாமல் அல்லவா குடித்துக்கொண்டிருந்தான். ஊற்றியது அவள்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "போதும். இனிமே குடிக்க வேண்டாம். என்னை மன்னிச்சிடுங்க," என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜின் முனகலும், வெளியே ஈரச் சாலையில் கார்கள் தேய்த்துக்கொண்டு போகிற ஓசையும் மட்டுமே கேட்டன. பிறகு புளித்த அரிசி வாடை ஒன்று ஹாலில் மெல்லப் பரவியது, மூடாமல் வைத்த பாட்டிலிலிருந்து வருவதுபோல. எங்கோ ஒரு தொண்டை விழுங்கியது. மடக், மடக் என்று நிதானமாக.

பூச்சாடியைப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. கெட்டிலில் இல்லை. மானஸாவின் மீன் தொட்டியில் கூழாங்கற்கள் காய்ந்து கிடந்தன. அவற்றின் மேல் மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

விழுங்கும் சத்தம் நின்றது.

உள்ளே குழந்தை அழுதாள்.

ஓடினாள். மானஸா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் ததும்பியது. ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. இடது கன்னம் உள்ளே அமுங்கியிருந்தது. யாரோ உதடு பதித்த மாதிரி.

"அப்பா, ஸ்டாப். ப்ளீஸ்."

"அழாதே கண்ணா. அழாம இரு."

வாரி அணைத்துக் கன்னத்தைக் கையால் மூடினாள். உள்ளங்கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஏதோ சில்லென்று அசைந்தது.

"முடியலம்மா," என்றது. வாஞ்சிநாதனின் குரல். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

மானஸாவின் அழுகை நிற்கவில்லை. கன்னம் இன்னும் ஆழமாக அமுங்கியது.