மூடுபனியில் பிடித்த கை

அக்கா, நாங்கள் அந்த மலைவிடுதிக்கு வேலைக்கு வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கும் என் மனைவிக்கும் ஒரே வேலைதான். யாத்திரைக்கு வருகிறவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடிக்க வேண்டும்.

உச்சியில் ஒரு கரும்பாறை. சிலருக்கு அது தாய்த்தெய்வம், சிலருக்கு மகானின் கல்லறை, சிலருக்குத் தேவதூதர் கால் வைத்த இடம். பூவும் மெழுகுவர்த்தியும் சாம்பிராணியும் அந்த ஒரே கல்லுக்குத்தான். பாறைக்குப் போகும் வழியிலுள்ள இரும்புக் கதவைத் தாண்டிவிட்டால் கணவனும் மனைவியும் கைகோக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே பேச்சு.

அதைச் சொன்னவர் லிஃப்ட் அண்ணன். நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்து ஏற்றுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

"மேல இருக்கறவங்களுக்கு ஜோடியைக் கண்டாலே ஆகாது தம்பி."

"ஏன், அவங்களுக்குக் கல்யாணம் ஆகலையா?"

"ஆகலைதான்" என்றார். சிரிக்கவில்லை.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, நெருங்கி வந்து, கையோடு கை சேர்க்க வேண்டும். நான் துவைக்கும் தொட்டியடியில் கிடக்க, அவளோடு மடிப்பவர் லிஃப்ட் அண்ணன். அவர் ஏதோ சொல்வார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

"அவர்கிட்ட மட்டும் அப்படி என்ன சிரிப்பு?"

"உங்ககிட்ட சிரிக்கலாம்னா, நீங்க மூஞ்சியை உர்ருன்னு வச்சிருக்கீங்களே."

நேற்று மாலை, விடுதியில் சொன்னார்கள் என்று உச்சியைக் கூட்டிப் பெருக்கப் போனவள் திரும்பவில்லை. அண்ணனையும் காணவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

கதவுக்கு அப்பால் ஒரே பனி. ஈரக் கல் வாடை. அப்போதுதான் அணைந்த திரியின் புகை. எங்கோ துடைப்பம் தரையை உரசும் சத்தம்.

பாறையருகே, தலையில் முக்காடிட்டு, முதுகைக் காட்டி நின்றாள். தனியாகத்தான் இருந்தாள்.

கையைப் பிடித்தேன். "இனிமே இங்க வர வேணாம். நீ எனக்கு மட்டும்தான். நானும் உனக்கு மட்டும்தான். சத்தியம்."

கை சில்லென்றிருந்தது.

விரல்கள் மெல்ல என் விரல்களுக்குள் நுழைந்தன.

வழியெல்லாம் அவள் பேசவில்லை. கோபம் போல என்று விட்டுவிட்டேன்.

விடுதி வாசலில் விளக்கு எரிந்தது. அதன் கீழே, விரிப்பும் கையுமாக, என் மனைவி நின்றிருந்தாள்.

"பனின்னு நான் பாதியிலயே திரும்பிட்டேங்க. குறுக்குவழியா வந்தேன். நீங்க என்ன, கையை இப்படிப் பக்கத்துல நீட்டிக்கிட்டு வர்றீங்க?"

பக்கத்தில் யாரும் இல்லை.

பிடி விடவில்லை.

இன்று காலையே கிளம்பிவிட்டோம். உன் வீட்டுக்குத்தான் வருகிறோம், அக்கா. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். காலி இருக்கையின் மெத்தை அழுந்திக் கிடந்தது.

"என்னங்க... இங்க யாரு?" என்று கிசுகிசுத்து என் தோளைத் தொட்டாள். வீலென்று அலறிக் கையை இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டில் நகக்கீறல்.

இப்போது ஓட்டுநருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து அழுகிறாள். என்னால் எழுந்து போக முடியவில்லை. இதை ஃபோனில் உனக்குச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு ‘அக்கா’வுக்கும் பிடி இறுகுகிறது. எலும்பு நெரிகிறது.

காதோரம் சில்லென்ற மூச்சு.

"யாரு அவ?"