மூச்சு படாத தட்டு

ஒன்றுமே முளைத்திருக்கவில்லை. அதுதான் அவளை முதலில் உறுத்தியது.

மனித உடம்பில் குடியிருக்கும் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டு ஆட்களின் கன்னத்து உட்புறத்தையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் தீற்றியிருந்தாள். அவளுடையதிலும் மகளுடையதிலும் வழக்கம்போல வெள்ளைப் பொட்டுகள். காய்ச்சலில் கிடந்து, அண்மையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கணவனின் தட்டு மட்டும் கழுவிய கண்ணாடிபோல் இருந்தது.

மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். பிறகு, காற்றை நீக்கிய பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் கையை நுழைத்து, உள்ளே வைத்திருந்த அவனுடைய இன்னொரு தட்டைத் திருப்பினாள். சாம்பல் நிறத்தில், மூடியை முட்டும் அளவுக்குத் தடித்துப் படர்ந்திருந்தது. வெளியே எடுத்ததும், பூட்டிக் கிடந்த அறையொன்றில் அழுகிப்போன பூச்சாடித் தண்ணீர்போல் வாடை அடித்தது.

"உங்க வீட்டுக்காரர் பல் விளக்கி எத்தனை நாளாச்சு?" என்று சிரித்தபடி வந்த சீனியர், இரண்டு தட்டுகளையும் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"குச்சி மாறிப்போச்சும்மா. இதெல்லாம் காத்து பட்டாலே செத்துப்போற வகை. இது மட்டுமே இருக்குன்னா... மூச்சு விடுற மனுஷன் வாயில அது நடக்காது."

"நான்தான் சார் எடுத்தேன். என் கையால."

"வேற எடுத்துட்டு வாங்க," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். வீட்டுக் கூடத்தில் விளக்கு போடாமல், மடியில் குவிந்த போர்வையோடு கணவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சமையலறைக் குழாய் சொட்டியது, ஃப்ரிட்ஜ் முனகியது, தெருவில் ஒரு வண்டி உறுமிக்கொண்டே தேய்ந்து மறைந்தது. அவன் பக்கமிருந்து மட்டும் சத்தமே இல்லை. ஊரையே எழுப்பும் குறட்டைக்காரன். திரும்பி வந்ததிலிருந்து குறட்டை நின்றுபோனதில் அவள் நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

"வாயைத் திறங்க. இன்னொரு சாம்பிள் வேணும்."

அவன் மார்பு ஏறியது. "அதான் எடுத்தியே," என்றான். மார்பு இறங்கியது.

மறுபடி ஏறவில்லை.

அவள் காத்திருந்தாள். குழாய் சொட்டியது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. சட்டைப் பொத்தான் அசையவில்லை.

"ஏங்க."

ஏறியது. "ம்." இறங்கியது. நின்றது.

பேசுவதற்கு மட்டும்.

"பாப்பா எங்க?"

போர்வை விலகியது. அவன் மடியில் சுருண்டு கிடந்த மகள், தண்ணீருக்குள்ளிருந்து வருகிறவள்போல் நீளமாகக் காற்றை இழுத்தாள்.

"அப்பா ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தாரும்மா. நான்தான் ஜெயிச்சேன்."

அந்தச் சின்ன மார்பு இறங்கியது.

அவள் சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள். இருவரும் சிரித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மார்பும் அசையவில்லை.